பெரட்டுக்களத்து வெள்ளைத் துணி

கறுப்புத் துணி எட்டு யார் வாங்கியும் நாலு ஜன்னலில் ஒன்று மூடாமல் நின்றது. மறுபடியும் கண்டிக்குப் பஸ் ஏறி இன்னும் மூன்று யார் வாங்கி வந்து, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து கையாலேயே ஓரம் தைத்தேன். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தந்தது அம்மா. கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கைக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவர் ஒட்டுப்போடுவதைப் பார்த்துப் பழகிய கை இது.

1993ஆம் ஆண்டு. பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் எனக்கு இரண்டாம் வருடம். சிங்கள நண்பர்கள் மூன்று பேர், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த நான். ஐந்து பேரும் சேர்ந்து, ஆளில்லாமல் கிடந்த ஒரு சின்ன விரிவுரை அறையைப் படம் காட்டும் கூடமாக மாற்ற அனுமதி வாங்கியிருந்தோம். வாங்குகளைத் துடைத்தோம். சுவரின் பாசியைச் சுரண்டினோம். பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றை எழுதிக் கொடுத்து இரவல் எடுத்தோம்.

படம் விழுவதற்கு எது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. சுவருக்கே வெள்ளையடித்து விடலாம், செலவில்லை என்றார்கள் மற்றவர்கள். துணிதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஏன் என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துணியைக் கட்டி முடித்து, விளக்கை அணைத்து, வெறும் வெளிச்சத்தை மட்டும் அதன்மேல் விட்டுப் பார்த்தபோது நான் வாசலோரமாக நடந்து துணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பதினாலு வருடத்துக்கு முன்பு நான் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

பேராதனை வளாகத்தில் கலை நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஹந்தானை மலையடியில் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத்தான் திறந்தவெளி அரங்காக்கினார்கள். மாணவர்கள் அதை ‘வல’ என்பார்கள். சிங்களத்தில் குழி என்று பொருள். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961இல் அங்கேதான் மேடையேறியது. பின்னால் அந்த அரங்குக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். முதல் வருடம் அங்கே ஒரு நாடகம் பார்க்கப் போனேன். சரிவில் ஆட்கள் படிப்படியாக உட்கார்ந்திருக்க, கீழே வெளிச்சம், மேலே மரக்கிளைகளுக்கு நடுவே பனி. நாடகம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு நெஞ்சை அடைத்தது. இது எங்கள் பெரட்டுக்களம் அல்லவா!

பெரட்டுக்களம் என்றால் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடியக் காலையில் ஆட்கள் வந்து நிற்க, கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இன்னின்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துவிடும் இடம். நேரம் பிந்தி வந்தால் வேலையில்லை என்று திருப்பி அனுப்பும் இடமும் அதுதான். எங்கள் தோட்டத்தில் அது ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழே இருந்தது. மூன்று பக்கம் தேயிலைச் சரிவு, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. அந்தக் களத்தில் பெரியவர்கள் நிற்பதை மட்டும்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் அதே மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை மடித்து, சத்தமாகச் சிரித்ததை வருடத்தில் இரண்டு இரவுகளில்தான் பார்ப்போம். மாசியில் காமன் கூத்து நடக்கும் இரவு ஒன்று. மாரியம்மன் திருவிழா முடிந்து படம் காட்டும் இரவு இன்னொன்று.

நோட்டன் பிரிட்ஜைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அணைக்கட்டுதான் தெரியும். கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கிற அந்தக் கட்டிலிருந்துதான் பழைய லக்சபான மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிறது. நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. இந்த மலைத் தண்ணீரிலிருந்து நாடு முழுதுக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே கட்டுரை படித்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் பெயரில் 50 மெகாவாட் நிலையம் ஒன்று 1965இல் எங்கள் ஊரிலேயே வந்தது. மேலே காசல்ரீயில் தேக்கிய தண்ணீர் அதற்கு வருகிறது. இரவில் அணைக்கட்டின் விளக்குகள் வரிசையாக எரியும். அங்கிருந்து கிளம்பும் கம்பிகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் கொழும்புக்குப் போகும். லயத்துக்குள் குப்பி லாம்பு. மண்ணெண்ணெய் தீர்ந்தால் அடுப்பு வெளிச்சம். நான் ஓஎல் பரீட்சைக்குப் படித்தது வரை அந்த லாம்பில்தான். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மழை பெய்து பனி இறங்கிய நாளில் கம்பி தாங்கும் டவர்களுக்குக் கீழே போனால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். பையன்கள் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் டவரின் இரும்புக் காலில் காதை வைத்துக் கேட்போம். கொழும்பு பேசுகிறது என்பான் ஒருவன். இல்லை, இந்தியா பேசுகிறது என்பான் இன்னொருவன். அந்த நாளில் எங்களுக்குத் தூரம் என்றால் இந்தியாதான்.

1979இல் திருவிழாப் படத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா பிரித்தார் தோட்டத்துத் தலைவர். படக்காரர் ஹட்டனிலிருந்து வேனில் வந்தார். இரண்டு பேர் சேர்ந்து மெஷினை இறக்கினார்கள். ஸ்டோரிலிருந்து நீளமாக வயர் இழுத்தார்கள். பாலத்தடி வண்ணார் வீட்டிலிருந்து நீலம் போட்டு வெளுத்த இரண்டு வேட்டிகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே கட்டினார்கள். காற்று அடித்தால் துணி வயிற்றைத் தள்ளும். அப்போது திரையில் இருக்கிறவர்களின் முகமும் வீங்கி வடியும். ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சரிவில் தேயிலைச் செடிகளுக்கு இடையே இடம் பிடித்தார்கள். முன்னால் இடம் இல்லாத பிள்ளைகளை எல்லாம் துணிக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள்.

அங்கேயிருந்து பார்த்தால் படம் திரும்பித் தெரியும். பெயர் போடும்போது எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும். நான் முதன்முதல் பார்த்த சிவாஜி கணேசன் இடது கையால் சாப்பிட்டார், இடது கையால் தங்கச்சியின் தலையைத் தடவினார். அவர் அப்படித்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

படம் ‘பாசமலர்’. பீம்சிங் எடுத்து 1961இல் வந்தது, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. கோடு கோடாக மழை பெய்கிற பழைய பிரதி. அப்போதெல்லாம் இந்தியப் படங்கள் அளவாகத்தான் நாட்டுக்குள் வந்தன. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனத்தை அமைத்த பிறகு இறக்குமதி அதன் கைக்குப் போயிருந்தது. அதனால் தோட்டங்களுக்கு வருவது சுற்றிச் சுற்றித் தேய்ந்த அதே பத்துப் பதினைந்து படங்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீலும் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை இருட்டு. அந்த இருட்டில் அப்போதுவரை பார்த்த கதையை அம்மாமார் பேசித் தீர்ப்பார்கள். அடுத்த ரீல் தொடங்கும்போது அவன் அப்படிச் செய்யக் கூடாது, இவள் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று திரைக்கே புத்தி சொல்வார்கள்.

அந்த இரவில் மூன்றாவது ரீல் ஓடும்போது எனக்குக் குளிர் தாங்கவில்லை. அம்மாவின் கம்பளிக்குள் போய்ப் புகுந்துகொள்ளலாம் என்று எழுந்து துணியின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். சரிவு முழுக்க முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அம்மாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்திருந்தார். மாமா திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமல் திரும்பிப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மாமாவுக்குப் பாஸ்போர்ட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் இருந்தவர்களை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எண்ணாகச் சொன்னால் இரண்டு வரி. எங்கள் காம்பராவுக்குள் அது வந்த விதம் வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் அம்மாவைப் பெற்ற அம்மாயிக்கும் அம்மாவுக்கும் இலங்கை என்று வந்தது, மாமாவுக்கு இந்தியா என்று வந்தது. விண்ணப்பம் போட்ட காலம் வேறு, போட்டுக் கொடுத்தவர் வேறு, பதிந்த பெயரில் ஓர் எழுத்து வேறு. கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மாமா பிறந்தது இந்த லயத்தில். அவர் இந்தியாவைக் கண்டது பெரட்டுக்களத்து வேட்டித் துணியில் மட்டும்தான்.

ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து அந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு. ஒப்பாரிக் கோச்சி. ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பாடிப் பாடி அழுவார்கள். வண்டி நகர்ந்த பிறகும் கையை விடாதவர்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், அக்கரையில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எங்கள் பாட்டன் பூட்டன் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்தபோது அடைத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பிய அதே மண்டபம்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். அம்மாயி வரவில்லை. “நா வந்தா அவென் ஏற மாட்டான்” என்று சொல்லிவிட்டு இஸ்தோப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவுக்குப் பொட்டலம் கட்டித் தந்தது ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், கால் றாத்தல் தூளும். தேயிலைத் தோட்டத்துக்கே போகிறவனுக்குத் தேயிலைத் தூள் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். இந்த மலைத் தூள் அங்கே கிடைக்குமா என்றார் அம்மாயி. மாமா போய்ச் சேர்ந்தது கூடலூர்ப் பக்கம். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில், அதே கூடை, அதே அட்டைக் கடி. நீலக் கடதாசியில் கடிதம் வரும். அம்மா வாசிப்பார். அம்மாயி கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி மோந்து பார்த்து, மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் நான் பேராதனைக்குப் போனேன். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஒரு வாய் எனக்கு இருக்கவில்லை. தோட்டத்துப் பையன்கள் அங்கே விரல் விட்டு எண்ணும் அளவுதான். எந்த ஊர் என்று கேட்டால் ஹட்டன் என்பேன். ஹட்டனில் எங்கே என்று கேட்டால் டவுனுக்குக் கிட்ட என்பேன். லயம் என்ற சொல் இரண்டு வருடமாக என் வாயிலிருந்து வரவில்லை. அதை இப்போது எழுதும்போதும் வலிக்கிறது.

எங்கள் கூடம் திறந்த அன்று பின்னேரம் நல்ல மழை. வாசலில் ஒரு சிறிய பித்தளை விளக்கு ஏற்றினோம். பேச்சு எதுவும் வைக்கவில்லை. நாற்பது பேர் உட்காரக்கூடிய அறையில் எழுபது பேருக்கு மேல் வந்து, வாங்குகளுக்கு நடுவே தரையில், ஜன்னல் திண்டில் என்று நெருக்கி உட்கார்ந்தார்கள். ஈரக் குடைகளின் வாடை. மெஷினை ஓட்டுவது என் பொறுப்பு. ஃபில்மின் நுனியை எடுத்துப் பல்சக்கரத்தில் மாட்டி, லென்ஸுக்குப் பின்னால் உள்ள வாயிலில் செருகி, மேலும் கீழும் ஒரு வளையம் தளர விட வேண்டும். அந்த வளையம்தான் முக்கியம். இழுத்துப் பிடித்தால் படம் குதிக்கும், ஃபில்மும் அறுந்துவிடும். ஒரு வாரமாகப் பழகியிருந்தும் அன்று விரல் நடுங்கியது.

படம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. 1955இல் வந்தது. கையில் காசில்லாமல் நிறுத்தி நிறுத்தி எடுத்து, கடைசியில் மேற்கு வங்க அரசு கொடுத்த பணத்தில் முடித்த படம். ரவிசங்கரின் இசை. வங்காளம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் முணுமுணுத்துச் சொன்னார்கள்.

ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நான் இதுவரை பார்த்த படம் போன்றதில்லை என்று. ஒரு கிழவி. கூன் விழுந்த முதுகு, ஒட்டிய கன்னம், கிழிந்த துணி. பாத்திரத்தில் இருப்பதை விரலால் வழித்துச் சாப்பிடுகிறார். சுனிபாலா தேவி என்ற அந்த அம்மா நடித்தார் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் அப்படி ஒரு கிழவி இருந்தார். மழைக்கு ஒழுகும் கூரை, அடகுக்குப் போகும் பாத்திரம், வெளியூருக்குப் போய்க் காசு அனுப்பாத அப்பா, பக்கத்து வீட்டுக்காரியின் பேச்சு. இதையெல்லாம் படம் பிடிக்கலாமா? ஒழுகுகிற கூரையைக்கூட ஒருவர் மெஷின் வைத்து இவ்வளவு நேரம், இவ்வளவு மரியாதையோடு பார்ப்பாரா? நான் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த காம்பரா அந்த வெள்ளைத் துணியில் எழுபது பேர் முன்னால் திறந்து கிடந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. அக்காவும் தம்பியும் ஊரைத் தாண்டி வெகுதூரம் வந்துவிடுகிறார்கள். ஆளுயரம் நாணல் பூத்து வெள்ளையாக அசைகிறது. நடுவே கம்பிக் கம்பம். அக்கா அதில் காதை வைத்துக் கேட்கிறாள். தம்பியும் வைக்கிறான்.

எனக்கு மெஷினைப் பிடித்திருந்த கை சில்லிட்டது. நோட்டன் டவர்!

தூரத்தில் சத்தம். இரண்டு பேரும் ஓடுகிறார்கள். நாணலுக்குப் பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு கோச்சி வருகிறது. அந்தப் பையனுக்கு அது வாழ்க்கையில் முதல் அதிசயம். பக்கத்தில் தரையில் இருந்தவர்கள் எல்லாம் மலர்ந்த முகத்தோடு பார்க்கிறார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். சத்தம் வராமல் அழ எனக்குத் தெரியும், அம்மாவிடம் கற்றுக்கொண்டது. ஆனால் அன்று சத்தம் வந்துவிட்டது.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை. மழையும் விடவில்லை. ஏன் அழுதாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். சொன்னேன். லயம், காம்பரா, பாஸ்போர்ட், ஹட்டன் ஸ்டேஷன், ஒப்பாரிக் கோச்சி, எல்லாவற்றையும். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். ஒரு நாட்டுக்குள்ளிருந்து இத்தனை லட்சம் பேரைக் கணக்குப் போட்டு ரயிலேற்றினார்கள் என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. யாழ்ப்பாணத்து நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு அந்தக் கோச்சி யாழ்தேவியாகத் தெரிந்தது என்றார். 1990இலிருந்தே அது வடக்கே போகாமல் இருந்தது. அவர் ஊரில் தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது. சிங்கள நண்பர்களில் ஒருவர் ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை. அக்கா காய்ச்சலில் செத்துப்போகிற இடத்தைப் பற்றித்தான் சொன்னார். 1989இல் வீட்டைவிட்டுப் போன அவருடைய அண்ணன் திரும்பி வரவில்லை. ஒரே விடுதியில் ஒன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

அந்தக் கூடம் இரண்டு வருடம் ஓடியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ பார்த்தோம். பேராதனையில் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தர்மசேன பத்திராஜ தமிழிலேயே எடுத்த ‘பொன்மணி’யைப் பற்றி ஓர் இரவு முழுக்கப் பேசினோம். நம் ஆட்களைப் பற்றி ஒரு படமும் இல்லையா என்று என்னைக் கேட்டபோது, அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து ‘புதிய காற்று’ பற்றிச் சொன்னேன். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் மலையகத்தை வைத்துத் தயாரித்து, தானே நடித்த படம். அப்பா அதை ஹட்டனில் நின்றுகொண்டே பார்த்தவர், கூட்டம் அப்படி. திரையில் கொழுந்துக் கூடையைக் கண்டதும் தியேட்டரே எழுந்து கைதட்டியதாம். அதைச் சொல்லும்போது அறுபது வயதிலும் அவர் முகம் மாறும். வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி. எச். டேனியல் எழுதிய நாவலை ஆதாரமாக வைத்து பாலாவின் ‘பரதேசி’ 2013இல் வந்தபோது, அப்பா உயிரோடு இல்லை. அவருக்குச் சேர்த்து இரண்டு முறை பார்த்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு திரையிடலை.

கூடம் திறந்த அதே வருடக் கடைசி விடுமுறையில் மெஷினையும் படப்பெட்டியையும் இரண்டு வாரத்துக்குக் கேட்டு வாங்கினோம். அண்ணனைப் பறிகொடுத்த அந்த நண்பரும் என்னோடு வந்தார். பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று மூன்று பஸ் மாறினோம். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். லக்சபானப் பக்கம் திரும்பியதும் கம்பி டவர்கள் வரிசையாகத் தெரிந்தன. அவருக்குக் காட்டினேன். பஸ் நின்ற இடத்தில் இறங்கி முதலில் அங்கே போய்த்தான் காதை வைத்தார்.

ஸ்டோரிலிருந்து வயர் இழுத்தோம். லயத்துக்கு அப்போதும் கரண்ட் வரவில்லை. பெரட்டுக்களத்தில் அதே சவுக்கு மரங்களில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றப் பக்கம் மூங்கில் நட்டுத் துணி கட்டினோம். எம்ஜிஆர் படம் இல்லையா என்று பையன்கள் கேட்டார்கள். இல்லை, ஆனால் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். என் அம்மா முன்னால் பாய் விரித்து அம்மாயியைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். எண்பதைத் தொட்ட வயது. தாத்தா போன பிறகு உடுத்தத் தொடங்கிய வெள்ளைச் சேலை.

வசனத்தை நான் மெஷின் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு அது தேவைப்படவில்லை. கிழவியை வீட்டுக்காரி விரட்டியபோது சரிவிலிருந்து குரல் வந்தது: “அந்தக் கெழவிக்கி ஒருவாக் கஞ்சி ஊத்துனா கொறஞ்சா போயிருவ?” இன்னொரு குரல்: “அவளும் என்னா செய்வா? புருசென் காசு அனுப்புனாத்தானே!” பேராதனையில் படம் முடிந்து ஒரு மணி நேரம் ஆங்கிலமும் சிங்களமும் தமிழுமாக நாங்கள் விவாதித்த விஷயம் அதுதான். நண்பருக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நாணல் பூத்த வெளி வந்தது. கம்பம் வந்தது. பிள்ளைகள் துணிக்குப் பின்னாலிருந்து “டவரு! டவரு!” என்று கத்தினார்கள். கோச்சி வந்து, புகை விட்டு, போயும்விட்டது.

“சாமி” என்று கூப்பிட்டார் அம்மாயி.

மெஷினை நிறுத்தாமலே குனிந்து, “என்னா அம்மாயி?” என்றேன்.

“இந்தக் கோச்சிதானா மண்டபத்துக்குப் போறது?”

எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாதான் பதில் சொன்னார். “இது வேற ஊருக் கோச்சிம்மா. வங்காளத்துல.”

“கறுப்பாத்தான் இருக்குமா? பொகை இப்பிடித்தான் போவுமா?”

“ஆமாம்மா. இப்பிடித்தான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதற்குள் திரையில் கதை நகர்ந்துவிட்டது.

“நா பாக்கல சாமி. அன்னைக்கி நா வரலயே. இன்னொருக்கா விடு.”

மெஷினை நிறுத்தினேன். விளக்கு அணைந்து களம் இருட்டானது. ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சரிவில் இருந்தவர்களின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது அந்தக் கோச்சியில் போயிருந்தார். ஃபில்மை வாயிலிலிருந்து கழற்றி, நண்பர் டோர்ச் பிடிக்க, ரீலைக் கையாலேயே பின்னுக்குச் சுற்றினேன். நாணல் பூ வரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்து, வளையம் விட்டு மறுபடி மாட்டினேன்.

சத்தம் கேட்டதும் அம்மாயி பாயிலிருந்து எழுந்தார். அம்மா கையைப் பிடிக்கப் போனார், உதறிவிட்டு நடந்தார். துணிக்கு மிகக் கிட்டே போய் நின்று, தொட்டுப் பார்ப்பதுபோலக் கையைத் தூக்கினார். கோச்சி வந்தது. புகையும் பெட்டிகளும் பாதி துணியில் ஓடின. பாதி அவருடைய வெள்ளைச் சேலையின் முதுகில் ஓடின.